இரவே செருப்பை எடுத்து வையுங்கள்
நாளையிலிருந்து 5 மணிக்கு எழுவேன், ஓடுவேன், காபியை விடுவேன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஒன்று போதும். எங்கள் வேலூரில் சித்திரை வந்தால் காலையிலேயே வெயில் சுள்ளென்று ஏறிவிடும், அதனால் நடக்க நினைப்பவர்கள் இரவே செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வாசல் பக்கம் வைத்துவிட்டு, விடிந்து பல் துலக்கியதும், முக்கியமாகப் போனைத் தொடாமல், கோட்டைப் பக்கம் கிளம்பிவிடுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தாலே சரி. அப்புறம், 21 நாளில் பழகிவிடும் என்பதை நம்பி மனம் உடைய வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை, மறுநாள் கிளம்புங்கள்.