மது பாரில் நடக்கும் பிரசாரக் கூட்டத்துக்குப் போகிறீர்களா?

அமெரிக்காவின் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்கள் பக்கம் அதிபர் வேட்பாளர்கள் எப்போதும் மைதானம் தேடுவதில்லை, சில சமயம் ஊர் பாரிலேயே மைக் பிடித்துவிடுவார்கள், அதனால் ஐம்பது பேர் நிற்கும் இடத்தில் இருநூறு பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இணையத்தில் பெயர் பதிந்திருந்தாலும் இடம் உறுதியில்லை. தீயணைப்பு விதிப்படி ஆள் கணக்கு நிறைந்தால் கதவை அடைத்துவிடுவார்கள், ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். ஜனவரிக் குளிருக்குத் தடித்த கோட்டு வேண்டும்தான், ஆனால் உள்ளே வேர்த்துக் கொட்டும், கழற்றினால் வைக்க இடமும் இருக்காது, எனவே அடுக்கடுக்காக மெல்லிய துணி போடுவதே மேல். வயதுச் சான்று கையில் இருக்கட்டும். குடிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடிக்காவிட்டாலும் ஒரு சோடா வாங்கி டிப்ஸ் வையுங்கள், பார்க்காரருக்கு அன்று பெண்டு நிமிரும்.

மேடைக்கு எதிரே நிற்காதீர்கள், அங்கே கேமராக்காரர்கள் மறைப்பார்கள். வேட்பாளர் வெளியேறும் வழியோரம் நின்றால் கை குலுக்கலாம், ஒரு கேள்வியும் கேட்டுவிடலாம். சுருக்கமாகக் கேளுங்கள்.

அப்புறம், எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: வேடிக்கை பார்க்கத் தடையில்லை, ஆனால் நன்கொடை கூடாது. பிரசாரக் குழு விற்கும் டிஷர்ட்டை வாங்குவதும் நன்கொடைக் கணக்கில்தான் வரும். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், ஓட்டுதான் போட முடியாது. பெயர், எண் எழுதி வாங்கும் அட்டையோடு வரும் பிரசாரத் தன்னார்வலரிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்தீர்களோ, தேர்தல் முடியும்வரை குறுஞ்செய்தி மழைதான்.