பாட்டு போடும் லினக்ஸ் பெட்டியில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் முறை

மண்டபத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். பாட்டு போடுவது லினக்ஸும், எம்பிடி என்ற பாட்டு இயக்கும் மென்பொருளும் ஓடும் ஒரு பழைய கணினி. சிஸ்டம் சிறிய எஸ்எஸ்டியில் இருக்கிறது. பாட்டுகளுக்கு இரண்டாவதாக 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

பக்திக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று டிஸ்க்கைக் கூறுபோடாதீர்கள். அதற்கு ஃபோல்டர் போதும். நான் பிரிப்பதற்குக் காரணம் மின்சாரம். கோயில் திருவிழாவானாலும் ஏர்வாடிச் சந்தனக்கூடானாலும், ஜெனரேட்டருக்கு மாற்றும்போது பெட்டி அணைந்துவிடும். அந்த நொடியில் எதில் எழுதிக்கொண்டிருக்கிறதோ அதற்குத்தான் ஆபத்து. ஆகவே பாட்டுகளுக்குப் படிக்க மட்டுமேயான பெரிய பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி), மேடைப் பேச்சைப் பதிவு செய்யச் சிறியது ஒன்று.

மாட்டும் முன், டிஸ்க்கைப் பெட்டியோடு சேர்க்கும் சாட்டா இணைப்பைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இணைப்பு விட்டுவிட்டுக் கிடைத்தால், நல்ல டிஸ்க்கின் மேல் பழி விழும்.

அடுத்து, எது எந்த டிஸ்க் என்று உறுதி செய்யுங்கள். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பக் கூடாது. அடுத்த முறை பெட்டியைப் போடும்போது அவை இடம் மாறலாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் மாடலையும் வரிசை எண்ணையும் வரவழைத்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள். இனி செய்வது அதில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும்.

ரூட் (நிர்வாகி) அனுமதியோடு, டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான எஃப்டிஸ்க்கில் அந்த டிஸ்க்கைத் திறங்கள். 'ஜி' அழுத்தினால் புதிய ஜிபிடி அட்டவணை, அதாவது பார்ட்டிஷன்களின் குறிப்பேடு. புதுப் பார்ட்டிஷனுக்கு 'என்' அழுத்தி, தொடக்கத்தை அது சொல்லும் இடத்திலேயே விட்டு, முடிவுக்குக் கூட்டல் குறியோடு 850ஜி கொடுங்கள். மறுபடி 'என்', எல்லாவற்றுக்கும் என்டர். லேபிளில் 1 டிபி என்றிருந்தாலும் எஃப்டிஸ்க் சுமார் 931 ஜிபி என்றுதான் காட்டும். லேபிள் 1000 கணக்கு, இது 1024 கணக்கு. மிஞ்சும் 80 சொச்சம் ஜிபியில், சிடி தரத்தில் நூறு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யலாம். 'பி' அழுத்திச் சரிபார்த்து, பிறகே எழுதச் சொல்லும் 'டபிள்யூ'. அதுவரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது.

இரண்டையும் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ட்4 வழக்கமாக ரூட்டுக்கென்று 5 சதவீதத்தை ஒதுக்கிவிடும். பாட்டு டிஸ்க்குக்கு அது தண்டம். டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையில், ஒதுக்கீட்டைச் சொல்லும் 'எம்' மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினால் 40 ஜிபிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். பாட்டுகளை இப்போதே ஏற்றிவிடுங்கள். எம்பிடி பயனருக்குப் படிக்கும் அனுமதி வேண்டும்.

கடைசியாக, பெட்டி தொடங்கும்போது எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு. பார்ட்டிஷன்களை யுயுஐடி (ஒவ்வொன்றுக்குமான தனி அடையாள எண்) கொண்டு குறியுங்கள். பாட்டுப் பகுதிக்கு 'ஆர்ஓ' (படிக்க மட்டும்), இரண்டுக்குமே 'நோஃபெயில்'. நோஃபெயில் இல்லாவிட்டால், டிஸ்க் ஒரு நாள் கண் திறக்காதபோது பெட்டியும் பாதியில் நின்றுவிடும். பந்தலில் கீபோர்டும் திரையும் தேடி ஓட வேண்டியிருக்கும்.

பின்னால் புதுப் பாட்டு சேர்க்க, பாட்டுப் பகுதியை 'ஆர்டபிள்யூ' (படிக்கவும் எழுதவும்) என்று ரீமவுண்ட் செய்து, அதாவது மறுபடி இணைத்து, ஏற்றி முடித்ததும் 'ஆர்ஓ'வுக்குத் திருப்புங்கள். பிறகு எம்பிடியின் பட்டியலை அப்டேட் செய்யுங்கள்.