பழைய காருக்கு சிந்தெடிக் ஆயில்: என் அனுபவம்

பழைய இன்ஜினில் சிந்தெடிக் ஆயில் (வேதிமுறையில் தயாரிக்கும் இன்ஜின் ஆயில்) ஊற்றினால் ஒழுகும் என்று பலர் எச்சரித்தார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆரம்பகால சிந்தெடிக் ஆயில்கள் சில, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தன. இப்போது அந்தச் சுருக்கத்தைத் தடுக்கும் பொருள் சேர்த்தே தயாரிக்கிறார்கள். ஆனால் சீல் ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால், வெடிப்பை அடைத்திருக்கும் கசடு கரைந்ததும் ஒழுக்கு வெளிப்பட்டுவிடும்.

அதனால் முதலில் ஒழுக்கைத்தான் தேடினேன். இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரின் ஓரத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கரும்பட்டையாகப் படிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால், மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் நெகிழ்வே இல்லாமல் விரலில் ஒடிந்தது. புதியதைப் பொருத்தினேன். இன்ஜினைக் கழுவும் திரவம் ஊற்றலாம் என்றார் மெக்கானிக். நான் உறுதியாக மறுத்தேன். கசடு கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் வடிகட்டி வலையை அடைத்தால், இன்ஜினே போய்விடும்.

சிந்தெடிக்கிலும் கையேட்டில் உள்ளபடி 10டபிள்யூ-40 என்ற தடிமன் கொண்டதைத்தான் ஊற்றினேன். சிந்தெடிக் என்பதற்காக 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலுக்குத் தாவக் கூடாது.

புது ஆயில் சீக்கிரமே கறுத்தது. பழைய கசடைச் சுமக்கிறது என்று அர்த்தம். ஆகவே வழக்கமான கெடுவில் பாதியிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீளும் டப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் இப்போது சட்டென அடங்குகிறது. அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டமும் இறங்கவில்லை.

இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் ஒழுகும் வண்டியென்றால் கணக்கு வேறு. அதை மாற்றப் பெரும்பாலும் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துத் தயாரிக்கும் சாதாரண மினரல் ஆயிலே போதும்.