கார்த்திகை விளக்கை எண்ணெய் வண்ணத்தில் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கார்த்திகை தீபம் ஏற்றும் காட்சியை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆள் கணக்கில்தான் இடறுகிறார்கள். பாட்டி வேண்டும், அத்தை வேண்டும், பொரி உருண்டைத் தட்டு, அப்பம், குத்துவிளக்கு, கோலம், மாவலி சுற்றும் பையன், தெருக்கோடியில் சொக்கப்பனை. கேன்வாஸில் எல்லாம் வந்துவிடும். விளக்கு மட்டும் எரியாது.

அகல் விளக்கின் வெளிச்சம் ரொம்பச் சின்னது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். திரியைத் தூண்டுகிற பாட்டியின் முகம் தெரியும்; ஆறடி தள்ளி நிற்கிற சித்தப்பா வெறும் நிழல்தான். அவருடைய மீசையைக்கூட முடி முடியாக வரைந்தால், திண்ணையில் யாரோ டியூப்லைட் போட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். படத்தில் யார் தெரிய வேண்டும் என்பதை விளக்கே முடிவு செய்யட்டும். சித்தப்பா கோபித்துக்கொண்டால் அடுத்த படத்தில் பொங்கல் வெயிலில் நிறுத்திவிடலாம்.

முகங்களைப் பழைய போட்டோவிலிருந்து எடுப்பதுதான் இதைவிடப் பெரிய தவறு. தாத்தா இப்போது இல்லை, அவரையும் சேர்க்க ஆசை. அதனால் ஸ்டூடியோ படத்திலிருந்த முகத்தை அப்படியே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அந்த முகத்தில் வெளிச்சம் மேலிருந்து விழுந்திருக்கும். தரையில் எரியும் அகலோ கீழிருந்து மேலே வீசுகிறது. தாடையின் அடிப்பக்கம், மூக்கின் அடிப்பக்கம், மேல் இமையின் உட்புறம் எல்லாம் ஒளி பெறும். நெற்றியும் உச்சந்தலையும் மங்கும். வீட்டில் யாரையாவது இருட்டில் உட்காரவைத்து, கீழே ஒரு விளக்கை வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். தாத்தாவின் சாயலை ஸ்டூடியோ படத்திலிருந்தும் நிழலை இவரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் ஓவியர் ஹல்தாங்கர் வரைந்த, விளக்கேந்திய பெண்ணின் ஓவியம் இருக்கிறது. ரவி வர்மா வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் வண்ணம் என்றும் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை, அது நீர்வண்ணம். மாதிரியாக நின்றது ஹல்தாங்கரின் மகள்தான். சுடரை மறைக்கும் கையின் விரல் இடுக்குகளில் செம்மை ஊடுருவுவதைக் கவனியுங்கள். காற்றுக்கு அணைத்துப் பிடிக்கிற கையை வரையப் போகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவையான பாடம் முழுவதும் அங்கே இருக்கிறது.

கைபேசிப் படத்தை நம்புவதிலும் சிக்கல் உண்டு. இருட்டு என்று தெரிந்ததும் அது தானாக எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடும். சுடர் வெள்ளைத் திட்டாகும், மஞ்சள் ஒளியையும் வெளுப்பாக்கிவிடும். திரையில் சுடரைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து ஒரு படம், நிழல் பகுதிகளுக்கு இன்னொரு படம் என்று எடுத்து வையுங்கள்.

சுடர் ஒளிரவில்லை என்றதும் டைட்டானியம் வெள்ளையை அள்ளி அப்புவார்கள். வெள்ளை கூடக்கூடச் சுண்ணாம்புத் தன்மைதான் வரும். சுற்றியுள்ள நிறங்களை இருட்டாக இறக்குங்கள், சுடர் தானாக ஏறும். முழு வெள்ளையைத் தொட்ட இடம் படத்தில் ஒரு பொட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருட்டுக்கு நேராகக் கறுப்பு டியூப்பையும் பிதுக்க வேண்டாம். ஐவரி பிளாக் என்ற கறுப்பு மெதுவாகத்தான் காயும், தனியாகப் பூசினால் ஓட்டை போலவும் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பைக் கலந்தால் வரும் இருட்டில் உயிர் இருக்கும். நாம் விளக்கேற்றுவதும் நள்ளிரவில் இல்லையே. அந்தி நேரத்து வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், அதன் எதிரில்தான் ஆரஞ்சு எரியும். அப்புறம் வானத்தில் சிலர் வரைந்துவிடுகிற அந்தப் பிறை நிலா! கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. ஏறக்குறைய முழு நிலா, அதுவும் அந்நேரம் கிழக்கில் தாழ்வாக. மேற்குப் பார்த்த வாசல் என்றால் நிலா வீட்டுக்குப் பின்னால் இருக்கும், வரையவே வேண்டாம்.

புடவைக்கு வீட்டில் சண்டை வரும். மயில்கழுத்து நிறப் பட்டு விளக்கொளியில் கிட்டத்தட்ட கறுத்துவிடும். அரக்கும் மாம்பழ மஞ்சளும்தான் ஜொலிக்கும். "என் புடவை இந்தக் கலரா?" என்று அம்மா கேட்பார். தோளோரம் வானத்து வெளிச்சம் படும் இடத்தில் கொஞ்சம் நீலம் காட்டிச் சமாளிக்கலாம், முழுப் புடவையையும் பகல் நிறத்தில் பூச முடியாது.

இனி எண்ணெய். வண்ணத்தில் கலக்கிற ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று சமையலறைக்குப் போகாதீர்கள். தேங்காய் எண்ணெய் என்றைக்கும் இறுகாது, நல்லெண்ணெயும் சரியாக இறுகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது, அதனால்தான் படம் நிற்கிறது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சுகளில் கூடுதலாகவும் இருக்கட்டும். தலைகீழாகச் செய்தால் மேலே காய்ந்த பூச்சு பிற்பாடு வெடிக்கும். அவசரத்துக்கு எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசுவதும் வேலைக்கு ஆகாது, உரிந்துவிடும்.

விளக்கை எதிரில் ஏற்றிவைத்துக்கொண்டு பக்கத்தில் டர்பன்டைன் கிண்ணத்தைத் திறந்து வைப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அது சட்டென்று தீப்பற்றும். எரியும் விளக்கைப் பார்த்துச் செய்வது பென்சில் குறிப்போடு நிற்கட்டும், வண்ணம் பிறகு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளவும் கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

இந்தக் கார்த்திகைக்கே பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று ஐப்பசியில் தொடங்கினால் மழை ஈரத்தில் பூச்சுகள் காயாமல் இழுத்தடிக்கும். ஆடியில் தொடங்குங்கள். கொடுத்த பிறகும் வார்னிஷுக்கு அவசரம் வேண்டாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை விட்டுப் பூசுவதே வழக்கம். அதுவரை பூஜை அறையில் விளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். காயாத பூச்சில் படிந்த புகைக்கரியைப் பிறகு எடுக்கவே முடியாது.