உள்ளூர் செய்தி சேனலை இணையத்துக்குக் கொண்டுபோவது எப்படி? வடசென்னையிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் கேபிளில் செய்தி சேனல் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமரா இருக்கிறது, எடிட் பண்ண ஆள் இருக்கிறார், இரண்டு மூன்று நிருபர்கள் ஊரைச் சுற்றிவருகிறார்கள், தினமும் சாயங்காலம் ஒரு புல்லட்டின் போகிறது என்று வைத்துக்கொள்கிறேன். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, மின்ட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர் என எல்லாருக்கும் கையில் இருக்கும் செல்போன்தான் டிவி. நாமும் அங்கே போயாக வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இந்த வழியில் எப்போதோ போய்விட்டன. சிஎன்என் 1995-லும் பிபிசி 1997-லும் செய்தி இணையதளம் தொடங்கின. தமிழ் செய்தி சேனல்கள் யூடியூபில் நாள் முழுக்க லைவ் ஓட்டுகின்றன. அதைப் பார்த்துவிட்டு, நாமும் அரை மணி நேர புல்லட்டினை அப்படியே தூக்கி யூடியூபில் போட்டுவிடுகிறோம். யாரும் பார்ப்பதில்லை. ஏன் என்றால், டிவியில் செய்தியை வரிசைப்படுத்தித் தருவது நாம். இணையத்தில் பார்க்கிறவர் தனக்கு வேண்டிய ஒரே ஒரு செய்தியைத் தேடி வருகிறார். எண்ணூரில் இருப்பவர் தன் தெருவைப் பற்றிய செய்திக்காகப் பதினெட்டு நிமிடம் காத்திருக்க மாட்டார். புல்லட்டினை உடைத்து, ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக நிற்க வைப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எந்த ஏரியா, யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"தமிழ்நாடு முழுக்க" என்று ஆரம்பிக்காதீர்கள். டெல்லி அரசியலும் சினிமா செய்தியும் ஆயிரம் பேர் தருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்: எந்தப் பக்கம் போவது, எந்த மண்டபம் திறந்திருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இதைத் தெருப்பெயரோடு சொல்ல அந்த ஏரியாவிலேயே இருக்கும் நிருபரால்தான் முடியும். உங்கள் பலம் அதுதான். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, அந்தப் பக்கம் மணலி, கொடுங்கையூர் வரை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: கணக்குகளை நிறுவனத்தின் பெயரில் திறங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் இதைச் சரியாகச் செய்யாதவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எடிட்டர் பையனின் சொந்த ஜிமெயிலில் யூடியூப் சேனல் திறந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போவார், பாஸ்வேர்டும் கூடவே போகும். அதனால் சேனலின் பெயரில் ஒரு மின்னஞ்சல், நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. யூடியூபில் பிராண்ட் கணக்காக (பலர் சேர்ந்து நிர்வகிக்கும் கணக்கு) திறந்து, வேலை செய்கிறவர்களுக்கு எடிட்டர் உரிமை மட்டும் கொடுங்கள். யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், இணையதள முகவரி எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் கிடைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 3: எழுத்துரு சிக்கலைத் தீர்த்துவிடுங்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் சேனல்களில் திரையில் எழுத்து போடும் சிஜி மெஷினிலும், வாசிப்பவர் பார்த்துப் படிக்கும் டெலிபிராம்ப்டரிலும் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. பாமினி, வானவில், டாப் என்று ஆளுக்கொன்று. அந்த ஸ்கிரிப்டை எடுத்து இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஒன்றும் புரியாமல் வரும். படம் மாதிரி மாற்றிப் போட்டால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கூகுளுக்கு அது படம்தான், தேடினால் சிக்காது.

தீர்வு யூனிகோட், அதாவது எல்லாக் கணினியிலும் செல்போனிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற எழுத்துக் குறியீட்டு முறை. தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. நிருபரும், ஆபீஸில் செய்தியைத் திருத்தி எழுதும் டெஸ்க்கும் முதலிலேயே யூனிகோடில் அடிக்க வேண்டும். என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் இருக்கிறது; கை பழகிய விசைப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. டெலிபிராம்ப்டருக்குப் பழைய எழுத்துரு தேவைப்பட்டால், யூனிகோடிலிருந்து அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடிப்பது ஒரு தடவைதான் இருக்க வேண்டும். முதல் வாரம் டெஸ்க்கில் முணுமுணுப்பு இருக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 4: ஒரு செய்தியை உடைத்துப் பழகுங்கள்

எப்படி உடைப்பது? காசிமேட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கரைக்கு வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, மீன்பிடித் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

பழைய முறையில் நிருபர் போவார், ஏலத்தை எடுப்பார், இரண்டு மீனவர்களிடம் பைட் (சிறு பேட்டி) வாங்குவார், கேமராவைப் பார்த்துப் பேசி ஒரு பிடிசி கொடுப்பார், ஆபீஸ் வந்து ஸ்கிரிப்ட் எழுதுவார், ராத்திரி ஏழு மணிக்குத்தான் செய்தி வெளியே வரும். அதற்குள் ஊரே மீன் குழம்பு சாப்பிட்டு முடித்திருக்கும்.

புது முறையில் நிருபர் விடியற்காலையிலேயே துறைமுகத்தில் இருக்கிறார். இறங்கியதும் செல்போனை நிமிர்த்திப் பிடித்து முப்பது நொடி எடுக்கிறார்: கூடையிலிருந்து வஞ்சிரத்தைத் தரையில் சாய்க்கும் காட்சி, பின்னால் ஏலம் விடுகிற குரல். அவர் சொல்வது ஒரே வரி, வஞ்சிரம், சங்கரா, கடம்பா இன்று கிலோ என்ன விலை. அந்த வீடியோ அங்கிருந்தே யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இரண்டுக்கும் போகிறது. வீட்டில் பை எடுத்துக்கொண்டு கிளம்ப யோசிக்கிறவருக்கு அந்த நேரத்தில் அதுதான் செய்தி.

அடுத்து டெஸ்க், நிருபரிடம் போனில் கேட்டு, இணையதளத்தில் பத்து வரிக் கட்டுரை போடுகிறது. தலைப்பில் "மீன் பிரியர்கள் உற்சாகம்" என்று எழுதாதீர்கள். மக்கள் தேடுவது "காசிமேடு மீன் விலை இன்று". தலைப்பும் அதுவாகவே இருக்கட்டும். உள்ளே மீன் வாரியாக விலை, எடுத்த நேரம்.

அப்புறம்தான் கேமராவில் எடுத்த மூன்று நான்கு நிமிட ஸ்டோரி. டீசல் விலை, இரண்டு மாத நிவாரணத் தொகை, கரைக்கு வந்த மீனில் எவ்வளவு வெளியூர் போகிறது என்று ஆற அமரச் சொல்லும் இடம் அது. இதை யூடியூபில் தனி வீடியோவாகப் போடுங்கள். புல்லட்டினுக்கும் இதுவே போகட்டும். ஒரே நிருபர், ஒரே காலை, மூன்று வடிவம்.

படம் எடுக்கும்போது ஒரு கவனம். குறுக்குவாட்டில் எடுத்ததை நெட்டுக்கு வெட்டினால் பேசுகிறவரின் பாதி முகம் போய்விடும், கீழே ஓடும் ஸ்க்ரோல் நடுவில் அறுந்து நிற்கும். அதனால் முக்கியமான ஆளை சட்டத்தின் நடுவில் வையுங்கள்; லோகோ, ஸ்க்ரோல் எதுவும் ஏறாத சுத்தமான பிரதியைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பிற்பாடு எத்தனை தடவை அது கைகொடுக்கும் என்று உங்களுக்கே தெரியவரும்.

படி 5: லைவ்

யூடியூபில் முதல் தடவை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் இன்றே போன் எண்ணைச் சரிபார்த்துத் திறந்துவிடுங்கள். வெள்ளம் வந்த அன்று திறக்க உட்கார்ந்தால் நடக்காது. செல்போனிலிருந்து நேரடியாக லைவ் போக 50 சந்தாதாரர்கள் வேண்டும். ஸ்டுடியோவிலிருந்து போக ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளே போதும். யூடியூப் தரும் ஸ்ட்ரீம் கீயை (உங்கள் சேனலுக்கான ரகசியக் குறியீடு) அதில் ஒட்டினால் சரி. அந்தக் கீயை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் சேனலில் என்ன வேண்டுமானாலும் ஒளிபரப்ப முடியும். களத்தில் 720பி தரம் போதும். அதற்கு நொடிக்கு 4 மெகாபிட் அளவு வேண்டும். ஏற்றும் வேகம் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அறுந்துபோகாது. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள்.

படி 6: இணையதளமும் வாட்ஸ்அப் சேனலும்

வேர்ட்பிரஸ்ஸில் எளிமையான தளம் போதும். ஏரியா வாரியாகப் பிரிவு வையுங்கள்: ராயபுரம், பெரம்பூர், மணலி, எண்ணூர். கூகுளின் சர்ச் கன்சோலில் பதிந்து, செய்திக்கான தளவரைபடத்தை (தளத்தில் உள்ள பக்கங்களைக் கூகுளுக்குச் சொல்லும் பட்டியல்) சேருங்கள். தனி ஆப் வேண்டாம். உங்களிடம் வந்து "ஆப் பண்ணித் தருகிறோம்" என்று சொல்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அந்தப் பணத்தில் இன்னொரு நிருபரை வைக்கலாம்.

வாட்ஸ்அப் சேனல் வசதி 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. குரூப்பைப் போல இல்லாமல், பின்தொடர்பவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. நாளைக்கு நாலைந்து செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். மின்தடை, தண்ணீர் லாரி, மெட்ரோ நேர மாற்றம் மாதிரி அன்றே பயன்படுவதை முதலில் அனுப்புங்கள்.

படி 7: உரிமை, சட்டம், திருத்தம்

இங்கே நிதானமாக இருங்கள். டிவியில் ஒருமுறை ஓடியது அத்தோடு போய்விடும். இணையத்தில் போட்டது பத்து வருடம் கழித்தும் தேடலில் வரும். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவு சொல்கிறது. பெயரை மறைத்துவிட்டு, பள்ளியின் பெயரையும் தெருவையும் தாயின் முகத்தையும் காட்டினால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. வீடியோவுக்குள் மங்கலாக்கிவிட்டு, தம்ப்நெயிலில் (வீடியோவுக்கு முகப்பாகத் தெரியும் படம்) முகத்தைத் தெளிவாக வைத்துவிடும் கொடுமை நடக்கிறது. தம்ப்நெயிலை மூத்தவர் ஒருவர் பார்க்காமல் வெளியிடாதீர்கள். அந்தக் குழந்தை நாளை அதே தெருவில்தான் வளர வேண்டும்.

ஏஜென்சி வீடியோ, சினிமாப் பாட்டு, கிரிக்கெட் காட்சி மூன்றையும் தொடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். டிவிக்கு வாங்கிய உரிமை இணையத்துக்கும் செல்லும் என்று நினைக்கக்கூடாது. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்டிரைக் (மீறலுக்கான எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடும்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி வெளியீட்டாளர்களுக்கும் பொருந்துகின்றன. குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும்; புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதே விதிகளில் 9-ம் விதியின் சில உட்பிரிவுகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. அதனால் ஒரு வக்கீலைப் பார்த்து இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடை இருக்கிறதோ இல்லையோ, புகார் சொல்ல ஒரு பெயரும் எண்ணும் இருப்பது நல்லது.

தப்பாகப் போய்விட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். எது தவறு, எப்போது திருத்தினோம் என்று கட்டுரையின் மேலேயே எழுதுங்கள்.

படி 8: வருமானம்

யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. இணையதளத்தில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழுக்கும் கிடைக்கிறது. ஆனால் உள்ளூர் சேனலுக்குச் சோறு போடுவது உள்ளூர் விளம்பரம்தான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக்கு அமெரிக்காவில் இருக்கும் பத்தாயிரம் பார்வையாளர்கள் தேவையில்லை. தண்டையார்பேட்டையில் இருக்கும் ஐநூறு பேர் போதும். கேபிள் விளம்பரத்தோடு வாட்ஸ்அப் சேனலையும் யூடியூபையும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள். விளம்பரமாக வரும் வீடியோவில் "விளம்பரம்" என்று எழுதியே ஆக வேண்டும்.

படி 9: எண்களைப் பாருங்கள்

மொத்தப் பார்வை எவ்வளவு என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது, எந்த நொடியில் ஆள் விலகுகிறார் என்று காட்டும் வரைபடம். ஆரம்பத்திலேயே கோடு செங்குத்தாக விழுகிறதா? சேனலின் லோகோவும் இசையும் சுற்றிவரும் அந்த அறிமுகத்தை வெட்டிவிட்டு, நேராகச் செய்தியில் தொடங்குங்கள். அடுத்து, பின்னூட்டங்கள். "எங்க தெருவுக்கும் வாங்க", "பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் இன்னும் தண்ணி வடியல" என்று எழுதுகிறவர்களின் வரிகளைத் தினமும் காலைக் கூட்டத்தில் வாசித்து, அதில் ஒன்றையாவது அன்றைக்கே நிருபருக்கு வேலையாகக் கொடுத்துவிடுங்கள்.