புது வண்டியிலும் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள்

கார் வாங்கி மூன்றாம் நாள் காலை. டயருக்கு அடியில் வைத்து நசுக்கிய எலுமிச்சம்பழத் தோல் இன்னும் வாசலில் கிடந்தது. சங்ககிரியிலிருந்து வந்து இறங்கிய அப்பா, காபி கூடக் குடிக்காமல் "பானட்டத் தொற சாமி" என்றார்.

"புது வண்டியில என்னங்கப்பா பாக்கறதுக்கு இருக்குது?"

"புதுசுலதான் சாமி பாக்கோணும்."

அப்பா முப்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அன்று அவர் சொல்லிக்கொடுத்ததையும், அதன் பிறகு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டியதில் நான் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். என்னோடு வேலை பார்ப்பவர்களில் நாலைந்து பேர் இந்த வருஷம் புதுக் கார் எடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட இதுவரை பானட்டைத் திறந்ததில்லை. சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். முதல் சர்வீஸுக்கு 1,000 கி.மீ., அடுத்ததற்கு 5,000, ஆயில் மாற்றுவதற்குப் பெரும்பாலும் 10,000 என்று வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் அத்தனை தூரமும் உங்கள் பொறுப்புதான்.

புது என்ஜின் ஏன் ஆயில் குடிக்கும் என்று கேட்டேன். புதுசாகக் கொத்தின ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளச் சொன்னார். கல்லும் குழவியும் ஒன்றோடொன்று பழகும் வரை சொரசொரப்பாகத்தான் இருக்கும். என்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும், அது உரசும் சிலிண்டர் சுவரும் அப்படித்தான். சுவரில் ஆயில் நிற்பதற்காகவே மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார்கள். அதில் ரிங் உரசிப் பதியும் வரை கொஞ்சம் ஆயில் மேலே ஏறி எரியும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர், சிலவற்றில் ஒரு லிட்டர் வரை குறைவது சகஜம் என்று கையேடுகளிலேயே போட்டிருக்கிறார்கள். உங்கள் கையேட்டிலும் அந்தக் கணக்கைத் தேடிப் பாருங்கள். சின்ன பெட்ரோல் காரில் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் போனால் மிச்சம் எவ்வளவு என்று யோசியுங்கள்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டு வாசல் தெருப் பக்கம் சரிவு. அங்கே பார்த்தால் ஒரு அளவு, கம்பெனி பார்க்கிங்கில் பார்த்தால் வேறு அளவு. ஓட்டிவிட்டு வந்து பார்ப்பதென்றால் என்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் விடுங்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் அடியில் இருக்கும் சம்ப் என்கிற ஆயில் தொட்டிக்கு இறங்கி வர வேண்டும். பெட்ரோல் போட நிறுத்திய கையோடு, ஆயில் அளவு காட்டும் குச்சியை (டிப்ஸ்டிக்) இழுத்தால் குறைவாகத்தான் காட்டும். வீட்டில் சமதளம் இருந்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பாருங்கள். நான் கம்பெனி பார்க்கிங்கில் சாயங்காலம் கிளம்பும்போது பார்க்கிறேன். சில வண்டிகளுக்கு என்ஜின் சூடாக இருக்கும்போதுதான் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அங்கே கையேடு சொல்வதுதான் சரி.

டிப்ஸ்டிக்கின் பிடி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ வளையம் மாதிரி இருக்கும். முதல் தடவை இழுத்ததும் அளவு பார்க்காதீர்கள். துடைத்துவிட்டு, அடி வரை முழுசாக உள்ளே அழுத்தி, மறுபடியும் இழுத்துப் பாருங்கள். துடைக்கப் பட்டறைகளில் பனியன் வேஸ்ட்தான் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து போவதுதான். அதில் நூல் பிரியாத துண்டாக எடுங்கள். குச்சியில் ஒட்டிய நூல் நேராக என்ஜினுக்குள் போய்விடும்.

நான் திணறியது இங்கேதான். புது ஆயில் தேன் மாதிரி தெளிவாக இருக்கிறது. குச்சியில் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அப்பா குச்சியைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராக மெதுவாகத் திருப்பினார். ஓர் இடம் வரைக்கும் பளபளப்பு, அதற்கு மேலே மங்கல். அந்த எல்லைதான் அளவு. அப்போதும் தெரியவில்லையென்றால் குச்சியை வெள்ளைத் தாளில் ஒற்றி எடுங்கள், கறை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கத்தையும் பாருங்கள். குழாயின் சுவரில் உரசி ஒரு பக்கம் மட்டும் மேலே வரை ஈரமாகியிருக்கும். எந்தப் பக்கம் குறைவாகக் காட்டுகிறதோ அதையே கணக்கில் எடுங்கள்.

கீழே ஒரு குறி, மேலே ஒரு குறி இருக்கும். சில வண்டிகளில் கோடு, சிலவற்றில் துளை. பல கார்களில் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வித்தியாசம். பாதிக்கு மேல் இருந்தால் பயமில்லை. விலை கூடிய சில கார்களில் குச்சியே கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும்.

ஊற்றுவதற்கு முன் என்ன ஆயில் என்று பாருங்கள். கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் மூடி மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. என் வண்டிக்கு 0டபிள்யூ-16. தண்ணீர் மாதிரி ஓடும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று 20டபிள்யூ-40 பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். அவ்வளவு கெட்டியான ஆயிலுக்கான வழிகள் இந்த என்ஜினில் இல்லை. சீல் பிரியாத பாட்டிலாக வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வாரண்டி என்று போய் நின்றால் அந்தப் பில்தான் பேசும்.

என்ஜின் தலையில், எண்ணெய்க் கிண்டி படம் போட்ட மூடியைத் திறங்கள். பக்கத்தில் இருக்கும் பிரேக் ஆயில், கூலன்ட் டப்பாக்களைத் தொடாதீர்கள். காய்ந்த சுத்தமான புனலை வைத்து முதலில் 200 மில்லி, ஒரு டம்ளர் அளவுதான் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிஷம் பொறுத்து, குச்சியைத் துடைத்து மறுபடி பாருங்கள். போதவில்லையென்றால் இன்னும் அரை டம்ளர். மேல் குறிக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். வெளியே சிந்தினால் அப்போதே துடைத்துவிட வேண்டும். சைலன்சர் குழாய் சூட்டில் பட்டால் புகையும், தீயும் பிடிக்கும். மூடியைத் திருகி மூடி, துடைத்த துணியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு பானட்டைச் சாத்துங்கள்.

நிறைய இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். இரண்டாவது சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்த மறுநாள் பார்க்கிறேன், மேல் குறிக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "வண்டியத் தொடாத கண்ணு. கிராங்க் அதுல முங்கி முங்கி எந்திரிச்சா மோர் கடையற மாதிரி நுரை கட்டிப்போடும். நுரைக்கு ஏது பிரஷர்?" கிராங்க் என்றால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு. சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணி, ஆளை வீட்டுக்கு வரவழைத்து, அதிகப்படியை இறக்க வைத்தேன். அதையும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் வேலைகளை எழுதும் சீட்டில், எழுதி வாங்கினேன். குச்சியை இழுத்துப் பார்த்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க வண்டி தானாகவே கூடுதல் டீசல் விடும். ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓட்டினால் அந்த டீசல் ஆயிலில் கலந்து அளவு ஏறும். ஊற்றாமலே ஏறுகிறது, முகர்ந்தால் டீசல் வாடை வருகிறது என்றால் சர்வீஸில் காட்டுங்கள். டீசலில் ஆயில் சீக்கிரம் கறுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த வண்டியானாலும் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓட்டவே கூடாது.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஆயில் பிரஷர் போய்விட்டது என்று சொல்கிற விளக்கு. அளவு குறைய ஆரம்பித்ததைச் சொல்லாது. என் பெரியப்பா மகனுக்கு விஜயமங்கலம் டோல்கேட் தாண்டியதும் எரிந்தது. செங்கப்பள்ளி வரைக்கும் போய்விடலாம் என்று ஓட்டினார். பாதியிலேயே என்ஜின் இறுகி நின்றுவிட்டது. எரிந்த நொடியே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தியிருந்தால் தப்பியிருக்கும்.

முதல் 5,000 கி.மீ. வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பாருங்கள். அப்புறம் மாதம் ஒரு தடவையும், வெளியூர் கிளம்பும் முன்னாலும் பார்த்தால் போதும். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஓடிய தூரத்தையும் ஊற்றிய அளவையும் எழுதுங்கள். கையேட்டில் சொன்னதைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது என்றால் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் கேட்க முடியும். என் நோட்டில் இதுவரை இருப்பது: 1,000-இல் மேல் குறிக்கு ஓர் அரிசி அளவு கீழே. 2,400-இல் பாதிக்குக் கீழே, 300 மில்லி ஊற்றினேன். 4,100-இல் முக்கால். 7,200-இல் முக்கால், ஊற்றவில்லை.