இழுப்பறைக்குள் ஒரு கல்லறைத் தோட்டம்: ஹாலோவீனுக்கு ஒரு குட்டிக் காட்சி

டொரொன்டோவில் அக்டோபர் பிறந்தாலே வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்க ஆரம்பித்துவிடும். நாங்கள் இருப்பது அடுக்குமாடியில், அலங்கரிக்க வாசலே கிடையாது. அதனால் ஹாலோவீன் என்ற அந்தப் பேய்ப் பண்டிகையை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டேன். கைவேலை பழகாதவர்களும் செய்யலாம். பசை காயும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

பெட்டி

பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் கடையில் ஆழமான போட்டோ பிரேம், பழைய கடிகாரக் கூடு, ஜோடி தொலைந்த மேசை இழுப்பறை என்று ஏதாவது கிடைக்கும். ஒரு சாண் அகலமும் 8 செ.மீ. ஆழமும் இருந்தால் போதும். நான் எடுத்தது இழுப்பறை. கைப்பிடி மேலே வரும்படி நிமிர்த்தினால் அடிப்பலகை பின்சுவராகிவிடும், தூக்கிச் செல்லவும் பிடி இருக்கும். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அக்ரிலிக் பூசிவிடுங்கள். இருட்டு நம் தப்புகளில் பாதியை மறைத்துவிடும்.

அட்டை ஆள்

பொம்மை வீடு செய்பவர்கள் பெரும்பாலும் 1:12 அளவில் செய்வார்கள், அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். இழுப்பறைக்கு அது பெரிது. அதில் பாதியாக 1:24 வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் ஆறடி மனிதன் 3 அங்குலம். அட்டையில் அப்படி ஓர் ஆளை வெட்டி, செய்கிற ஒவ்வொரு பொருளையும் அவன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்டையோடு அவன் இடுப்பு உயரம் இருந்தால் அது வேண்டாம்.

கல்லறைக் கற்கள்

காட்சியின் உயிரே இதுதான், அவசரப்படாதீர்கள். காலையுணவு சீரியல் டப்பா அட்டையை ஒன்றரை அங்குல உயரத்தில் வெட்டி, மூன்று அடுக்காக ஒட்டுங்கள். சாம்பல் நிறப் பெயின்டில் சமையல் சோடாவைக் கலந்து தோசை மாவு பதத்துக்குக் கொண்டுவந்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் துண்டால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். காய்ந்ததும் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரியே சொரசொரக்கும். பெயர் பொறிக்க வேண்டுமென்றால் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது, மை தீர்ந்த பேனாவால் கீறுங்கள். நான் முதல் தடவை அட்டையிலேயே கீறிவிட்டுப் பூசினேன். சோடா எழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டது.

அப்புறம் தண்ணீர் கலந்த கறுப்பை மேலே ஓடவிட்டுக் காயவையுங்கள். பிரஷில் வெளிர் சாம்பலைத் தொட்டு, டிஷ்யூவில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, கல்லின் மேல் லேசாக உரசுங்கள். மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். நூறு வருடப் பழசு சில நொடிகளில் வந்துவிடும். நேராக நடாமல் ஒன்றிரண்டைச் சாய்த்து நடுங்கள்.

தரையும் மரமும்

தரை மேடு பள்ளமாக இருக்க, பார்சலில் வந்த தெர்மோகோலைப் பிய்த்து ஒட்டலாம். அதன் மேல் ஸ்பிரே பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள், உருகிக் குழிந்துவிடும். வெள்ளைப் பசையைத் தடவி, நன்றாக உலர்த்திய காபி சக்கையைத் தூவினால் ஈரமண் தயார். கவட்டையுள்ள காய்ந்த குச்சிதான் மரம்.

பூசணிக்காய்

மைதா 2 பங்கு, உப்பு 1 பங்கு, தண்ணீர் ஏறக்குறைய 1 பங்கு. பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி, பல்குத்தும் குச்சியால் மேலிருந்து கீழாக வரிகள் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே உச்சியில் ஒரு கிராம்பைக் குத்தினால் அச்சு அசல் காம்பு. இரண்டு நாள் உலர்த்தி ஆரஞ்சு பூசுங்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முன்பு ஹாலோவீன் விளக்குக்கு டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அந்த வழக்கம் அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் பூசணிக்கு மாறியது. அதனால் ஓர் உருண்டை கோணலாகப் போனால் வெளிர் நிறம் பூசி டர்னிப் என்று சொல்லிவிடலாம்.

பேய், நூலாம்படை, விளக்கு

டிஷ்யூவின் ஒரே ஓர் அடுக்கைப் பிரித்து, பசையும் தண்ணீரும் சமமாகக் கலந்ததில் நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கோலிக்குண்டின் மேல் போர்த்துங்கள். மறுநாள் விறைப்பாகிவிடும், குண்டை உருவிவிடலாம். ஒரே ஒரு பேய் போதும். நூலாம்படைக்குப் பஞ்சை இழுங்கள், கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்வரை.

நிஜ மெழுகுவத்தி கூடவே கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் காகிதமும் குச்சியும். பேட்டரி விளக்கை முன்வரிசைக் கல்லுக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்கட்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அட்டை ஆளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. கறுப்புப் பூசி மரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். விளக்கைப் போட்டதும் அவன் நிழல் பின்சுவரில் அவனைவிடப் பெரிதாக விழுகிறது.